பலகையில் வைத்துத் தூக்கினார்கள்

திங்கட்கிழமை

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் பழக்கம். அந்த வரியை நான் எழுதவில்லை.

நம் கிடங்குக்கு வரும் லாரி டிரைவர், மீசைக்காரர், உன்னைத் துறைமுகத்தில் பார்த்ததாகவும், கிடங்கில் உனக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாகவும் சொன்னார். "கிரேன், டேய் கிரேன்னு நாலு தடவை கத்தினேம்மா. அஞ்சாவது தடவைதான் திரும்பினான். திரும்பிட்டு, நான் அவன் இல்லங்கிற மாதிரி பார்த்தான்" என்றார். செவ்வாயும் வெள்ளியும் அவர் அங்கே லோடு இறக்க வருகிறாராம். அதனால் இந்தக் கடிதம் அவர் கையில் வருகிறது. போன் நம்பரை மாற்றினாய், புது நம்பரை ஒருவரிடமும் கொடுக்கவில்லை. சரி, கடிதத்தைக் கட் பண்ண முடியாது அல்லவா?

ஏழு மாதம் ஆகிறது. அண்ணனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்று, டீ வாங்கிவருகிறேன் அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனவன் நீ. முதல் மாதம் உனக்கு என்ன ஆனதோ என்று பயந்தேன். இரண்டாவது மாதம் பயம் போய்விட்டது. இனிமேல் காலம் முழுக்க அண்ணனைத் தூக்கிப் புரட்ட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு நழுவிவிட்டாய் என்று முடிவு கட்டினேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். மறைத்து எழுத எனக்குத் தெரியாது. நூறு கிலோ மூட்டையை ஒற்றை ஆளாய்த் தோளில் போடுகிறவனுக்குக் கூடப்பிறந்தவர் பாரமாகிவிட்டார். அப்போது எழுபது கிலோ இருந்தார். இப்போது ஐம்பது இருந்தால் அதிகம். பயப்படாமல் வரலாம்.

இதை நான் வாய்விட்டுச் சொல்லும்போதெல்லாம் அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். "அவனை ஒண்ணும் சொல்லாதே" என்பார்.

கிடங்கில் எல்லாம் பழையபடிதான். பதினெட்டு அடுக்கு உயரத்துக்கு மூட்டைகளை அட்டி போடச் சொல்லிவிட்டு, அந்த அட்டி சரிந்து அண்ணன் கீழே கிடந்தபோது "உன்னை யாரு மேல ஏறச் சொன்னது?" என்று கேட்ட மேஸ்திரி, இப்போது இருபது அடுக்கு போடச் சொல்கிறாராம். ஒருநாள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. ஒரு தாளில் அண்ணனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். சொந்த விருப்பத்தில்தான் மேலே ஏறினேன் என்று அதில் இருந்ததாம். நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். இருந்திருந்தால் அந்தத் தாளை அவர் வாயிலேயே திணித்திருப்பேன்.

இனி உனக்குத் தெரிய வேண்டியதை எழுதுகிறேன். அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. சிறுநீர் குழாய் வழியாகப் பைக்குப் போகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். வலது பக்கம், மல்லாந்து, இடது பக்கம் என்று கட்டிலுக்கு மேலே சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்திருக்கிறேன். கிழிந்த சாக்கு தைக்கிற வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். பத்து சாக்கு தைத்தால் ஒருமுறை புரட்டுகிற நேரம் வந்துவிடும், கடிகாரம் பார்க்கவே வேண்டாம்.

ஆனால் நான் ஒருத்தி. என்னால் அவரைத் தூக்க முடியாது, இழுக்கத்தான் முடியும். தூக்கித் திருப்பினால் தோலுக்கு ஒன்றும் ஆகாது. இழுத்தால் உரியும். எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் காலையில் ஒருமுறை வந்து கைகொடுக்கிறார். மற்ற நேரமெல்லாம் இழுத்தேன். வால் எலும்புக்கு மேலே முதலில் சிவந்தது. பிறகு சட்டைப் பொத்தான் அளவு புண். இப்போது என் உள்ளங்கை முழுக்க உள்ளே போகும். அடியில் வெள்ளையாகத் தெரிவது எலும்பு என்று சொன்னார்கள். அவருக்கு வலிக்கவே இல்லை, தம்பி. நான் துணி மாற்றும்போது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். வலித்திருந்தால் கத்தியிருப்பார், நானும் முன்னாலேயே பார்த்திருப்பேன்.

பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. "நான்தான் இப்ப மூட்டை. லேபிள் ஒட்டி எந்த ஊருக்காவது அனுப்பிடு. இந்தப் பக்கம் மேலேன்னு அம்புக்குறி போட மறந்துடாதே" என்றார் நேற்று. நான் சிரித்துவிட்டேன். பிறகு வெளியே போய் நின்றேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் இருக்கிறார். பெண்பிள்ளை, கண்ணாடி போட்டவர், எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருப்பார். புண்ணைப் பார்த்துவிட்டு அவர் மட்டும்தான் என்னைத் திட்டவில்லை. "இது மூடணும்மா. இது மூடலைன்னா மத்ததெல்லாம் பேசிப் பிரயோஜனமில்ல. ரத்தத்துல கலந்துடும்" என்றார். இந்த மாதிரி ஆட்களுக்கென்றே ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறதாம். நாற்பது கட்டில், இருநூறு பேர் காத்திருக்கிறார்கள். அதை நடத்தும் பெரிய டாக்டர் வரும் சனிக்கிழமை ஒரு மாநாட்டுக்கு வருகிறார். அடிபட்டு முதுகெலும்பு உடைந்தவர்களை எப்படிக் காப்பாற்றுவது, எப்படி வைத்துப் பார்ப்பது என்று முன்னூறு டாக்டர்கள் இரண்டு நாள் கூடிப் பேசப்போகிறார்கள். அதில் அண்ணனைப் பேச வைக்க வேண்டும் என்று இளம் டாக்டருக்கு ஆசை. அடிபட்ட இடத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று அவர் வாயால் சொல்ல வேண்டுமாம். "பெரிய டாக்டர் இந்தப் புண்ணை நேர்ல பார்த்துட்டா, நான் கட்டில் கேட்கிறதுக்கு ஒரு வழி கிடைக்கும்" என்றார்.

சனிக்கிழமை காலை அவரை வேனில் ஏற்ற வேண்டும். வா. ஒரே ஒரு நாள் வந்து தூக்கிவிட்டுப் போ. வேறு எதையும் உன்னிடம் கேட்கவில்லை.

கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். புண் காத்திருக்காது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி

*

திங்கட்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நீ வரவில்லை. கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய், பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்று டிரைவர் சொன்னார். இதையாவது பிரி. நின்றுகொண்டு படிக்காதே, எங்காவது உட்கார்ந்து படி.

இஸ்திரிக்காரரும் அவர் மனைவியும் நானுமாக அண்ணனை வேனில் ஏற்றினோம். மாநாடு ஒரு பெரிய ஹோட்டலில். வாசல் முழுக்கக் கண்ணாடி. ஆள் உயரத்துக்கு முதுகெலும்புப் படம் போட்டுப் பேனர் வைத்திருந்தார்கள். வாசலில் ஏழு படி. காவலாளி ஓடிவந்து, "சக்கர நாற்காலியா? பின்பக்கமா போங்க, சாமான் லிஃப்ட் அங்கதான் இருக்கு" என்றார். முதுகெலும்பு மாநாட்டுக்கு முதுகெலும்பு உடைந்தவர் காய்கறிக் கூடைகளோடு மேலே போனார். "பார்த்தியா, லேபிள் ஒட்டாமலேயே சரியான லிஃப்ட்ல ஏத்திட்டாங்க" என்றார் அண்ணன்.

மேலே எல்லோர் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கியது. பெயர், படிப்பு, ஊர். அண்ணனுக்கும் ஒன்று மாட்டினார்கள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'நோயாளி' என்று இருந்தது. எனக்கு 'நோயாளியின் துணை'. வெளியே கடை மாதிரி மேஜைகள் போட்டு மருந்துக் கம்பெனிக்காரர்கள் எலும்பு வடிவத்தில் பேனா கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே நடந்த பேச்சு எனக்குப் புரியவில்லை. இளம் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொன்னார். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று ஒருவர் பேசினார். இல்லை, எட்டு மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்று இன்னொருவர் சண்டைக்கே போனார். அண்ணனுக்கு ஒன்பதாவது நாள் செய்தார்கள். ஸ்கேன் மிஷின் ரிப்பேர், பிறகு விடுமுறை, பிறகு தேதி இல்லை. எட்டா இருபத்து நாலா என்று அவர்கள் அடித்துக்கொண்டபோது எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது.

அடுத்து அடிபட்டவரை எப்படித் தூக்குவது என்று படம் காட்டினார்கள். யாரும் அவசரப்பட்டுத் தொடக் கூடாது. ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க வேண்டும். மற்ற மூவர் தோள், இடுப்பு, கால். ஒருவர் எண்ண, எல்லோரும் சேர்ந்து ஒரே மரக்கட்டையைப் போல உருட்டி, பலகையில் வைத்து, பலகையோடு தூக்க வேண்டும். கடைசியாக ஒரு படம். ஒருவன் இன்னொருவனை மூட்டை போலத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறான். அதன் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. அந்தப் படம் வந்ததும் அண்ணன் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. படத்தில் ஓடுகிறவன் உன்னைப்போல யாரோ ஒரு மூட்டை தூக்குகிறவன் என்றுதான் நினைத்தேன். நீ அவரைத் தூக்கி வந்தாய் என்று தெரியும். எப்படித் தூக்கினாய் என்று நான் யாரையும் கேட்டதில்லை.

மேடைக்கு நாலு படி. சரிவுப் பாதை இல்லை. ஹோட்டல் சர்வர்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். அவர் ஒரு பக்கம் சாய்ந்தபோது முன்னூறு பேரில் பதறி எழுந்தது இளம் டாக்டர் ஒருவர்தான்.

பெரிய டாக்டர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மைக்கை அண்ணன் கையில் கொடுத்து, "விழுந்ததும் உங்களை யார் தூக்கினாங்க, எப்படித் தூக்கினாங்க? ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க" என்றார்.

அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நல்லா ஞாபகம் இருக்கு டாக்டர். ஒருத்தனும் தொடக் கூடாதுன்னு என் தம்பி கத்தினான். கிடங்குல ஒரு பழைய கதவுப் பலகை கிடந்துச்சு, அதை எடுத்தாரச் சொன்னான். கழுத்தை அவன் பிடிச்சுக்கிட்டான். மூணு பேர் தோளு, இடுப்பு, காலு. ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணி, பலகையில வச்சுத் தூக்கினாங்க. கழுத்தை அவன் ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் விடல."

ஒவ்வொரு வார்த்தையும் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் திரையில் பார்த்தது. அப்படி ஒரு பலகை நம் கிடங்கில் இல்லை. எனக்குத் தெரியும், பத்து வருடம் அங்கே சாக்கு தைத்திருக்கிறேன். இளம் டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய டாக்டர் பூரித்துப்போய்விட்டார். "படிக்காத தொழிலாளிங்க இவங்க. நம்ம ஆம்புலன்ஸ் ஆட்களுக்கே தெரியாததைச் செஞ்சிருக்காங்க" என்றார். கைதட்டினார்கள், தம்பி. முன்னூறு டாக்டர்கள் உனக்காகக் கைதட்டினார்கள். சிலர் எழுந்து நின்றுகூடத் தட்டினார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், அவ்வளவு சரியாகத் தூக்கி வந்தும் ஏன் கால் முழுக்கப் போயிற்று என்று கேட்டார். பெரிய டாக்டர், "விழுந்த வேகத்திலேயே நரம்பு போயிருக்கும். தூக்கினவங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். அதற்கு அண்ணன் என்ன கேட்டார் தெரியுமா? "அதை ஒரு தாள்ல எழுதித் தர முடியுங்களா டாக்டர்?" என்றார். சபையே சிரித்தது. பெரிய டாக்டரும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

பிறகு மேடைக்குப் பின்னால் வந்து புண்ணைப் பார்த்தார். அப்போது சிரிப்பு போய்விட்டது. கையுறையைக் கழற்றிவிட்டு, அடுத்த திங்கட்கிழமை, இன்றிலிருந்து சரியாக ஒரு வாரம், கட்டில் தருகிறேன் என்றார். ஆறு வாரம். புண்ணை மூட ஆபரேஷன், பிறகு உட்காரவும் நாற்காலிக்கு மாறவும் பயிற்சி. ஒரே ஒரு நிபந்தனை. வீட்டு ஆட்கள் இரண்டு பேர் ஆறு வாரமும் கூட இருந்து, திருப்பவும் தூக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். கூலிக்கு வைத்த ஆள் செல்லாது. ஒருத்தியை மட்டும் நம்பி அனுப்பினால் மூன்றே மாதத்தில் அதே புண்ணோடு திரும்பி வந்துவிடுகிறார்களாம். தாளில் இரண்டு கோடு இருந்தது. முதல் கோட்டில் என் பெயரை எழுதினேன். இரண்டாவதில் யார் என்று குமாஸ்தா கேட்டார். "என் தம்பி" என்றார் அண்ணன், நான் வாயைத் திறப்பதற்குள். உன் பெயரை எழுதியாகிவிட்டது. "அவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். திங்கட்கிழமை பத்து மணி. இல்லைன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும்" என்றார் குமாஸ்தா. என் பக்கத்தில் உறவு என்று சொல்ல யார் இருக்கிறார்கள் என்பது உனக்கே தெரியும்.

திரும்பும்போது வேனில் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டேன். ஓடிப்போனவனுக்காக எதற்கு இப்படிப் பரிந்து பேச வேண்டும், அத்தனை பேர் முன்னால் எதற்கு இந்தப் பொய் என்று கேட்டேன். அடுத்து எவனாவது விழுந்தால் எப்படித் தூக்கக் கூடாது என்று சொல்லத்தானே உங்களைக் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். கழுத்தில் கிடந்த அட்டையைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு சொன்னார்.

விழுந்ததும் கால் இரண்டும் நெருப்பாக எரிந்ததாம். கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தாராம், ஆடியதாம். அதற்குள் ஒரு லாரி பின்பக்கமாக அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. "வண்டி வருதுடா, அவனை ஓரமா தூக்கிப் போடு" என்று மேஸ்திரி கத்தினார். நீ குனிந்தாய். உனக்குத் தெரிந்த ஒரே விதத்தில், அக்குளில் கை கொடுத்து, ஒரே மூச்சில் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாய். கேட் வரைக்கும் பாதி தூரம் போனபோது எரிச்சல் சட்டென்று நின்றுவிட்டதாம். அவர் உன் காதில், "வலி போயிடுச்சுடா. கால்ல எரிச்சலே இல்ல. இறக்கி விடு, நானே நடந்து வர்றேன்" என்றாராம். நீ சந்தோஷமாக இறக்கி நிறுத்தினாய். கால் இரண்டும் துணி மாதிரி மடங்கின.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் உன்னைப் பார்த்து, "நீயே உடைச்சுக் கொண்டுவந்திருக்கியேப்பா" என்று சொன்னது ஸ்ட்ரெச்சரில் கிடந்த அவர் காதிலும் விழுந்ததாம். எரிச்சலில் சொல்லிவிட்டு அந்த டாக்டர் அடுத்த ஆளைப் பார்க்கப் போயிருப்பார். நீ ஒன்பது நாள் அதைச் சுமந்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் உன்னிடம் தண்ணீர் பாட்டில் வாங்கிவரச் சொன்னேன், மாத்திரைச் சீட்டு கொடுத்தேன். அதைத் தாண்டி உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரிய டாக்டர் எழுதிய தாள் என் முன்னால் இருக்கிறது. மேலே மருந்துக் கம்பெனி விளம்பரம், கீழே அவர் கையெழுத்து. தூக்கியவர்கள் மேல் தவறில்லை. இதற்காகத்தான் அண்ணன் அந்த மேடை ஏறினார். கட்டிலுக்காக அவரை ஏற்றியது நான்தான். இந்தத் தாளைக் கடிதத்தோடு வைத்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார், அனுப்பிவிட்டேனா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். அனுப்பிவிட்டேன் என்று சொல்லப்போகிறேன். ஆனால் அனுப்பவில்லை. இந்தத் தாளைப் படித்தால் நீ நம்ப மாட்டாய். உனக்குத்தான் பலகை இல்லை என்பது தெரியுமே.

இன்று காலை புண்ணுக்குத் துணி வாங்க ஆஸ்பத்திரி போனபோது இளம் டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அண்ணனிடம் சொல்லாதே. அடுத்தவனும் இதே மாதிரி தூக்கப்படக் கூடாது, அதனால் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பெயர் போடாமல் தன் பாடத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். தூக்கியதால்தான் போயிற்றா என்று நேராகக் கேட்டேன். "விழுந்ததிலயும் இருக்கலாம், தூக்கினதிலயும் இருக்கலாம், ரெண்டிலயும் இருக்கலாம். எது எவ்வளவுன்னு எந்த மெஷினும் சொல்லாதும்மா" என்றார். இதுதான் உண்மையான பதில். இதற்கு மேல் நல்ல பதில் என்னிடம் இல்லை, இருப்பதாகப் பொய் சொல்லவும் மாட்டேன்.

ஒன்று மட்டும் என் வாயால் சொல்கிறேன். மூட்டை நகர்த்த அந்தக் கிடங்கில் ஆறு தள்ளுவண்டி இருக்கிறது. மனிதனைத் தூக்க ஒரு பலகை இல்லை. லாரியை நிறுத்து என்று சொல்ல அத்தனை பெரிய மேஸ்திரிக்கு வாய் வரவில்லை. பத்து வருடமாக உனக்கு அங்கே கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு தூக்கு. அதைத்தான் நீ செய்தாய். படத்தில் பெருக்கல் குறி போட்டவர்கள் ஒரு நாளாவது கிடங்குக்கு வந்து சொல்லிக்கொடுத்திருக்கலாம். வரவில்லை. அவர்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு கைதட்டிக்கொள்கிறார்கள்.

போன கடிதத்தில் உன்னை நழுவியவன் என்று எழுதினேன். அதைக் கிழித்துப் போடு. இப்போது எனக்கும் எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் கூப்பிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணி.

உன் அண்ணி

*

வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

டிரைவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு காத்திருக்கிறார், சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ மூட்டை மேல் உட்கார்ந்து கடிதத்தை முழுக்கப் படித்ததாகச் சொன்னார். படித்துவிட்டு, "அண்ணனுக்கு ஜுரம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாயாம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

ஜுரம் இருக்கிறது. புதன்கிழமை தொடங்கியது. நேற்று நூற்று மூன்று. குளிரில் பல் கிட்டுகிறது, ஆனால் அந்த நடுக்கம் இடுப்போடு நின்றுவிடுகிறது, கீழே கால் இரண்டும் அசையாமல் கிடக்கின்றன. அதைப் பார்க்க முடியவில்லை. இளம் டாக்டர் வீட்டுக்கே வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமை வரைக்கும் தாங்கும் என்றார். குமாஸ்தாவிடம் போய் ஒரு நாள் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். வெளியே பெஞ்சில் ஒரு அம்மா மகனோடு உட்கார்ந்திருந்தார். அவர்கள்தான் அடுத்த ஆள். அந்தப் பையனுக்கும் இதே புண். திட்டக்கூட எனக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

அண்ணன் இன்று பேச்சைக் குறைத்துவிட்டார். காலையில் நான் இழுக்கும்போது, "விடு, எதுக்கு இப்படி மல்லுக்கட்டுறே" என்றார். இதுவரைக்கும் அப்படிச் சொன்னதே இல்லை. வாசலில் யாராவது நடந்தால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்.

நீ வந்தால் செய்ய வேண்டியதை எழுதுகிறேன், கேட்டுக்கொள். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அவரைப் பார்த்ததும் மன்னிப்பு அது இதென்று ஆரம்பிக்காதே. பலகையில் வைத்துத் தூக்கினாய் என்றுதான் அவர் சொல்வார். எனக்கு உண்மை தெரியும் என்பது அவருக்கும் தெரியும், ஆனாலும் உன் காதுக்கு அதைத்தான் சொல்வார். சொன்னால் ஆமாம் என்று சொல். அந்த ஒரு பொய்யை அவருக்கு விட்டுக்கொடு.

பிறகு திருப்ப வேண்டும். நான் இடுப்பைப் பிடிப்பேன். நீ தோளைப் பிடி. இடுப்பும் தோளும் ஒரே நேரத்தில் நகர வேண்டும், ஒன்று முந்தக் கூடாது. உன் பலத்தில் பாதியைக்கூடப் போட வேண்டியதில்லை. படுக்கையிலிருந்து ஒரு விரல் உயரம் எழும்பினால் போதும், தோல் உரசாது. மூட்டை மாதிரி மூச்சைப் பிடித்துத் தூக்காதே. மெதுவாக. இவ்வளவுதான். இதற்கு ஒரு ஆள் போதாது, அவ்வளவுதான் சங்கதி.

கை நடுங்கினால் நடுங்கட்டும். என் கையும் நடுங்குகிறது. இரண்டு பேராகப் பிடித்தால் கீழே விடமாட்டோம்.

டிரைவர் ஹார்ன் அடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டி அங்கிருந்து காலியாகத்தான் திரும்புகிறது. முன் சீட்டில் இடம் வைத்திருப்பதாகச் சொன்னார். ஏறி உட்கார். நீ நல்லா இருக்கணும், தம்பி. உன் கைகள் நல்லா இருக்கணும்.

அண்ணி